மூன்று மாதம் தேடிய மதர்போர்டு

என் அத்தான், கணினியின் பாகங்களைச் செருகும் பலகையான ஒரு மதர்போர்டைத் தேர்ந்தெடுக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். அக்காவைத் தேர்ந்தெடுக்க அவருக்கு அரைமணி நேரம்தான் ஆனதாம். வீட்டுக்கு யார் வந்தாலும் அக்கா இதைச் சொல்லிச் சிரிப்பாள்.

“என்னைப் பார்க்க வந்தப்ப முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கல. ‘சரி’ன்னுட்டு எந்திரிச்சிட்டாரு. இந்தப் பலகைய மட்டும் முன்னால பின்னால திருப்பித் திருப்பிப் பார்க்கிறாரு.”

அத்தான் கையிலிருக்கும் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்வார். “உன்கிட்ட தப்பு இருந்தா நீயே வாயத் திறந்து சொல்லிடுவ. இது சொல்லாது.”

அவர் வேலை பார்த்தது கட்டடங்களின் வலிமையைக் கணக்கிட்டுச் சொல்லும் ஓர் அலுவலகத்தில். பாலம், தண்ணீர்த் தொட்டி, பத்து மாடிக் குடியிருப்பு என்று எது கட்டுவதாக இருந்தாலும், எந்தத் தூண் எவ்வளவு சுமையைத் தாங்கும், எந்த உத்தரம் எவ்வளவு வளையும் என்று கணக்குப் போட்டுத் தரும் அலுவலகம் அது. மனிதர் கையால் போட்டால் ஆயுசு போதாத கணக்குகள். சர்வர் என்னும் பெரிய கணினிதான் அவற்றைப் போடும். அந்த சர்வரைப் பத்தொன்பது வருடம் பார்த்துக்கொண்டவர் அத்தான். பள்ளிப் படிப்பு, அதற்குமேல் ஒரு வருடச் சான்றிதழ், அவ்வளவுதான் அவர் படிப்பு. அலுவலகத்தில் அவருக்கு ‘நாளைக்கு’ என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் “பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்” என்பார். வரைபடம் போடுகிற பெரியவர் காலையில் அவரைக் கண்டதும், “என்னய்யா நாளைக்கு, இன்னைக்கு சீக்கிரம் வந்துட்ட?” என்பார். அத்தானும் கூடவே சிரிப்பார்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஊரிலிருந்து ஒரு பையோடு வந்து, அக்கா வீட்டு முன்னறையில் நான்கு வருடம் தங்கிப் படித்துத்தான் அதை வாங்கினேன். கணினி அறிவியலில் முதல் வகுப்பு. சான்றிதழ் கைக்கு வந்த அன்று அத்தான் அதற்கு ஒரு கண்ணாடிச் சட்டம் போட்டு, தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டினார். பிறகு அதே அலுவலகத்தில் எனக்கும் வேலை கிடைத்தது. கட்டட விவரங்களை சர்வர் படிக்கும்படி அடுக்கித் தரும் வேலை. சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, அலுவலகம் இடம் மாறியது.

புது இடம் பழையதில் பாதி. சர்வருக்கென்று தனி அறை இல்லை. டீ போடும் மூலைக்குப் பக்கத்தில் சுவரோடு சேர்ந்த ஓர் இரும்பு அலமாரி. அதில் நடுத்தட்டு மட்டும் தருவதாகச் சொன்னார்கள். பழைய சர்வரோ ஒரு ஆள் உயரம். அது போடும் இரைச்சலில் பக்கத்தில் நின்று பேச முடியாது. அலுவலகத்தின் முதலாளி ஒரு பெண் பொறியாளர். எல்லோரும் அவரை மேடம் என்போம். அவருடைய தம்பி புதிதாகப் பங்குதாரராகச் சேர்ந்திருந்தார். அவர் சின்ன முதலாளி. வந்த முதல் வாரமே அவர் ஒரு யோசனை சொன்னார்: சர்வரே வேண்டாம், எங்கோ தூரத்தில் இருக்கும் கணினிகளை இணையம் வழியாக வாடகைக்கு எடுத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மேடம் உடனே தலையாட்டவில்லை. அத்தானைக் கூப்பிட்டு நேராகச் சொன்னார். “அந்தத் தட்டுல அடங்குற மாதிரி ஒரு மெஷின் நீங்க கட்டுங்க. பழைய பாலம் ஒண்ணோட கணக்கை அதுல மூணு தடவை ஓட்டிப் பார்ப்போம். மூணு தடவையும் பழைய சர்வர் தந்த அதே விடை வரணும். வந்தா மெஷினும் இருக்கும், நீங்களும் இருப்பீங்க. வரலைன்னா எனக்கும் வேற வழி இல்ல.”

அத்தானுக்கு அப்போது வயது நாற்பத்தேழு. அந்த வயதில், அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு, வேறு எந்த சர்வரையும் அவரை நம்பி யாரும் ஒப்படைக்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும்.

அன்று தொடங்கியது தேடல். அலமாரித் தட்டின் அளவைக் குறித்துக்கொண்டு வந்து, அதே அளவில் ஓர் அட்டைப்பெட்டி செய்தார். சந்தையில் கிடைக்கும் ஒவ்வொரு சின்ன மதர்போர்டையும் அதன் கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்து, உண்மையான அளவில் அட்டையில் வெட்டினார். கணக்கைப் போடும் பிராசஸர் எங்கே வரும், எண்களை வைத்திருக்கும் மெமரியை எங்கே செருக வேண்டும், மின்கம்பி எந்தப் பக்கம் நுழையும் என்று பேனாவால் வரைந்தார். காற்றாடிக்குப் பதில் ஒரு டப்பா மூடியை ஒட்டினார். பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பார், எடுப்பார், பெருமூச்சு விடுவார். அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். கடையிலிருந்து அவள் கொண்டுவந்து வைத்த அட்டையெல்லாம் ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது.

“இனிமே என் செருப்புப் பெட்டியத் தொட்டீங்க, அப்புறம் உங்களையும் அதே அளவுக்கு வெட்டிடுவேன்” என்றாள்.

ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு குறை. மிகச் சின்னது ஒரு சாண் சதுரம்கூட இல்லை, அழகாக அடங்கியது. ஆனால் மெமரி செருக இரண்டே இடம். பெரிய பாலத்தின் கணக்கு அதற்குள் கொள்ளாது. இன்னொன்றில் நான்கு இடம் இருந்தது. ஆனால் மெஷின் செத்துக் கிடந்தால் வீட்டிலிருந்தபடியே அதை எழுப்பும் வசதி இல்லை. மூன்றாவதில் எல்லாமே இருந்தது. காற்றாடி மட்டும் தட்டின் குறுக்குக் கம்பியில் இடித்தது, ஒரு விரல் கனத்துக்கு. அத்தான் அந்தக் கம்பியை அறுக்கலாமா என்று கேட்டு, திட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

இதையெல்லாம்விட அவர் விட்டுக்கொடுக்காத ஒன்று இருந்தது. மெமரியில் எழுதி வைத்த எண் எப்போதாவது, எங்கோ ஓர் இடத்தில், தானாகப் புரண்டுவிடும். சூடு, பழுது, எதுவும் காரணமாகலாம். சாதாரண மெஷினுக்கு அது தெரியாது. தவறான எண்ணை வைத்துக்கொண்டே கணக்கை முடித்துக் கையில் கொடுத்துவிடும். பிழை திருத்தும் மெமரி என்று ஒன்று உண்டு. ஒருவர் எழுத, பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் சரிபார்ப்பதுபோல, புரண்ட எண்ணை அது கண்டுபிடித்துத் திருத்தும். திருத்தியதை ஒரு வரி எழுதியும் வைக்கும். ஆனால் அந்த மெமரியை மட்டும் வாங்கிச் செருகினால் போதாது. மதர்போர்டும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும், பிராசஸரும் ஒத்துழைக்க வேண்டும். மூன்றில் ஒன்று முகம் திருப்பினாலும் திருத்தல் நடக்காது. நடக்கவில்லை என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். மெஷின் பாட்டுக்கு ஓடும்.

அத்தான் இதில் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு குடியிருப்பின் கணக்கில் ஒரு தூணின் சுமை மேல்நோக்கி இருப்பதாக விடை வந்தது. யாரும் கவனிக்கவில்லை. வரைபடப் பெரியவர்தான் பார்த்துவிட்டு, “இந்தத் தூண் கட்டடத்தைத் தாங்கல, கட்டடம்தான் தூணைத் தூக்கிப் பிடிச்சிருக்கு” என்று சிரித்தாராம். எல்லோரும் சிரித்தார்கள். அத்தானால் முடியவில்லை. அந்த எண் கொஞ்சம் நம்பும்படியாக மட்டும் புரண்டிருந்தால் அது அப்படியே கட்டப்பட்டிருக்கும் என்று அவர் எனக்கு ஒருமுறை சொன்னார். அந்த மாதமே சண்டை போட்டு, பழைய சர்வருக்குத் திருத்தும் மெமரி வாங்க வைத்தவர் அவர்.

முதல் மாதம் போனது. “ஆச்சா?” என்று கேட்டார் மேடம். இரண்டாம் மாதம், “இன்னும் ஆகலையா?” என்றார். மூன்றாம் மாதம் அவர் கேட்கவே இல்லை. சின்ன முதலாளிதான் கேட்டார், எல்லோர் முன்னிலையிலும். “சார், பொண்ணு அமைஞ்சுதா? இல்ல, இன்னும் ஜாதகம்தான் பார்த்துட்டு இருக்கீங்களா?”

“அமைஞ்சிடுச்சுங்க” என்றார் அத்தான்.

உண்மையிலேயே அமைந்திருந்தது. ஒரு சாணுக்குச் சற்று மேல், சதுரமான பலகை. மெமரிக்கு நான்கு இடம், நெட்வொர்க் கம்பிக்கு இரண்டு வாய், தூரத்திலிருந்து எழுப்பும் வசதி, திருத்தும் மெமரிக்கு ஒத்துழைப்பு எல்லாமே அதில் இருந்தன. பின்பக்கத்தை முன்பக்கமாகத் திருப்பி வைத்தால் காற்றாடி கம்பிக்கு அரை விரல் கீழே நிற்கும். இதை அவர் அட்டையில் பதினொரு முறை வைத்துப் பார்த்திருந்தார். திங்கட்கிழமை சோதனை என்று மேடம் நாள் குறித்தார்.

சனிக்கிழமை அத்தானுக்கு அலுவலகத்தில் பழைய சர்வரைக் கழற்றும் வேலை. “நீ போய் வாங்கிட்டு வந்துடு மாப்ள. எல்லாம் எழுதி வச்சிருக்கேன்” என்று ஒரு தாளைத் தந்தார். பெயர், எண், குறி எல்லாம் அச்சு மாதிரி எழுத்து.

கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். பிராசஸரில் மட்டும் நின்றார். “இது இல்லீங்க தம்பி. வர பத்து நாளாகும். இதே மாடல், கடைசியில அந்தக் குறி மட்டும் இல்லாதது இருக்கு. அதே வேகம், அதே சாக்கெட். சொல்லப்போனா இதுதான் நிறைய போகுது.”

நான் இரண்டின் விவரங்களையும் கடையின் கணினியில் அருகருகே வைத்துப் பார்த்தேன். வேகம் அதேதான், கணக்கிடும் உள்ளறைகளின் எண்ணிக்கை அதேதான், எடுக்கும் மின்சாரமும் அதேதான். அந்தக் குறி, பெரிய நிறுவனங்களுக்கு விற்பதற்காகப் போட்ட ஒட்டுப் பெயர் என்று நினைத்தேன்.

“வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கிறீங்களா?” என்றார் கடைக்காரர்.

“நானே கம்ப்யூட்டர் படிச்சவன்தாங்க” என்றேன்.

பிராசஸரின் கால்கள் வளைந்துவிடக் கூடாது என்று கடையிலேயே போர்டில் உட்காரவைத்து, மேலே காற்றாடியையும் பூட்டித் தந்தார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை அத்தான் பெட்டியைப் பிரித்தபோது பிராசஸரின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் துணி விரித்து, ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி எல்லாவற்றையும் பொருத்தினார். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். சுவிட்சைப் போட்டார். திரையில் வரிகள் வந்தன. அவர் கண்கள் ஒரு வரியில் நின்றன.

“மாப்ள, இது நான் எழுதினது இல்லையே.”

“அது ஸ்டாக் இல்லையாம் அத்தான். இதுவும் அதேதான், வேகமெல்லாம் ஒண்ணுதான். நான் பார்த்துட்டுத்தான் வாங்கினேன்.”

அவர் நாலைந்து விசைகளைத் தட்டினார். மெமரியில் பிழை திருத்தல் எந்த நிலையில் இருக்கிறது என்று மெஷினைக் கேட்கும் கட்டளை அது. ‘இல்லை’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. திருத்தும் மெமரி இருந்தது, அதற்கு ஏற்ற போர்டு இருந்தது, பிராசஸர் முகம் திருப்பிக்கொண்டுவிட்டது. அந்தக் குறி இருந்தால்தான் பிராசஸர் திருத்தலுக்கு ஒத்துழைக்கும் என்பது நான்கு வருடத்தில் எனக்கு எந்தப் பாடத்திலும் வரவில்லை.

“சரி விடு” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெளியே போய் நின்று மேடத்துக்குப் போன் செய்தார். ஒலிபெருக்கியில் போடாமலே அந்தக் குரல் எனக்குக் கேட்டது. “பத்து நாளா? மூணு மாசம் கொடுத்தேனே நான்! நாளைக்கு என் தம்பி அந்த வாடகைக் கம்பெனிக்காரரையும் கூப்பிட்டிருக்கான். எப்படி மாத்துறது, சொல்லுங்க?” மூன்று மாதத்தில் பத்து நாளை மிச்சம் வைத்திருந்தால் அன்று கேட்டிருக்கலாம். அட்டையில் பதினொரு முறை வைத்துப் பார்த்தவரிடம் அந்தப் பத்து நாள் இல்லை.

அன்று முழுவதும் மெமரியைச் சோதிக்கும் நிரலை ஓடவிட்டார். மேசைமேல், திறந்த காற்றில், ஒரு பிழையும் இல்லை. “நல்ல மெமரிதான் போல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மெஷின் அலமாரியில் ஏறியது. அளந்து வைத்ததுபோல அடங்கியது. காற்றாடிக்கும் கம்பிக்கும் நடுவே அரை விரல். வரைபடப் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, “அடேயப்பா, தொட்டில்ல போட்ட மாதிரி இருக்கு” என்றார். அத்தான் கதவைத் திறந்தே வைத்தார்.

சின்ன முதலாளி வந்து அதைச் சாத்தினார். “டீ போடுற இடம் சார் இது. கதவு திறந்தேதான் இருக்கணும்னா அப்புறம் எதுக்கு அலமாரி?”

முதல் ஓட்டம் பதினொரு மணிக்கு முடிந்தது. விடை பழைய சர்வரின் விடையோடு கடைசி இலக்கம்வரை ஒத்துப்போனது. மேடம் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இரண்டாவது ஒரு மணிக்கு முடிந்தது, அதுவும் ஒத்துப்போனது. அத்தான் சாப்பிடப் போகவில்லை. அலமாரிக் கதவில் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்பு நன்றாகச் சுட்டது; நானும் தொட்டுப் பார்த்தேன்.

மூன்றாவது ஓட்டம் மூன்று மணிக்கு முடிந்தது. பாலத்தின் ஆறாவது தாங்கியில், சுமையால் கீழே அழுந்தும் இறக்கம் இரண்டு மில்லிமீட்டருக்குப் பதிலாக நான்கு என்று வந்தது. மற்ற எண்கள் எல்லாம் அதையொட்டிக் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்திருந்தன. மேடம் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“ஒரே கணக்கு, ஒரே மெஷின், ரெண்டு விடை. இதை நம்பி நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?” என்றார். கோபமே இல்லாத குரல்.

“மெமரி சூட்டுல ஒரு எண் புரண்டிருக்குங்க. திருத்தல் இருந்திருந்தா பிடிச்சிருக்கும். அந்த பிராசஸர்...”

“நீங்க கொடுத்த பட்டியல்ல வேற பிராசஸர்தானே இருந்தது? ஏன் மாறுச்சு?”

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை.

“கடையில இல்லைங்க. நான்தான் பரவாயில்லன்னு சொன்னேன்” என்றார்.

“மூணு மாசம் பார்த்துட்டு, கடைசியில பரவாயில்லையா!” என்று சின்ன முதலாளி சிரித்தார். வாடகைக் கம்பெனிக்காரரும் மரியாதைக்குச் சிரித்தார். இப்போது பேசலாம், இப்போது பேசலாம் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

மறுநாள் மேடம் என்னைக் கூப்பிட்டார். வாடகைக்கு எடுக்கும் கணினிகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமாம். பட்டம் உள்ளவராக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறதாம். அத்தானிடம் போய்ச் சொன்னேன், வேண்டாம் என்று சொல்லிவிடப் போவதாக.

“ஏன், ரெண்டு பேரும் வீட்டுல உட்கார்ந்து அட்டை வெட்டவா? போய் ஒத்துக்கோ” என்றார்.

அந்த வாரத்துக் கடைசி நாளில் கடவுச்சொற்களை எல்லாம் எனக்கு எழுதித் தந்துவிட்டு, டீக் கோப்பையைக் கழுவித் தன் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். மெஷினையும் எடுத்துப்போகச் சொல்லிவிட்டார்கள். தட்டில் இப்போது டீத்தூள் இருக்கிறது. இரண்டு வாரத்துக்குள் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. ஒரு வாகன நிறுத்துமிடத்தில் கேமராத் திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்காரும் வேலை. பிற்பகல் இரண்டு மணிக்குப் போக வேண்டும்.

அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட ஒரு காலைப் பொழுதில் வாயெடுத்தேன். “அக்கா, அந்த பிராசஸர...”

“தெரியும்டா” என்றாள். துணி மடித்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. “கம்ப்யூட்டர் கடைக்காரரு போன் பண்ணாரு, அந்த இன்னொண்ணு வந்துடுச்சுன்னு. ‘உங்க தம்பி படிச்சவரு, அவரே போதும்னுட்டாரு’ன்னு சொன்னாரு. உன்னை ஒண்ணும் கேட்கக் கூடாதுன்னு இவரு சொல்லிட்டாரு. அதான் கேட்கல.”

மடித்த துணியில் என் சட்டைகளைத் தனியாக எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

சரியான பிராசஸர் பதினோராம் நாள் வந்துவிட்டிருந்தது. வேலைக்குப் போகாத ஒரு நாளில் அத்தான் அதை மாற்றிப் பொருத்தினார். மெஷினைத் துணி அலமாரிக்குள் வைத்து, வேண்டுமென்றே கதவைச் சாத்தி, அதே பாலத்தின் கணக்கை ஓடவிட்டார். மறுபடி மறுபடி ஓடியது. ஏழாவது ஓட்டத்தில் என்னைக் கூப்பிட்டார். திரையில் ஒரே ஒரு வரி: இரண்டாவது இடத்தில் உள்ள மெமரியில் ஒரு பிழை கண்டறியப்பட்டது, திருத்தப்பட்டது. ஆறாவது தாங்கியின் இறக்கம் இரண்டு மில்லிமீட்டர்.

“சொல்லிடுச்சு பாரு மாப்ள” என்றார்.

அந்த வரியைப் படம் எடுத்துக்கொண்டு மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போய், நடந்ததை நடந்தபடி சொல்லி மேடத்திடம் காட்டினேன். பிராசஸரை மாற்றியது நான்தான் என்றும் சொன்னேன். அவர் பொறியாளர், ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். “சரியாத்தான் தேர்ந்தெடுத்திருக்காரு” என்றார். பிறகு, “வாடகைக் கம்பெனியோட ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சே தம்பி” என்றார். அலைபேசியை என்னிடம் திருப்பித் தந்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து, மேடம் சொன்னதில் முதல் பாதியை மட்டும் அத்தானிடம் சொன்னேன். அவர் மீதியைக் கேட்கவில்லை. மணி ஒன்றரை ஆகியிருந்தது. துணி அலமாரிக்குள் கையை விட்டு, இன்னும் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார். காற்றாடி நிற்கும்வரை குனிந்தபடியே இருந்தார். அது நின்றதும், வேலைக்குப் போட்டுப்போகும் சட்டையை அதே தட்டிலிருந்து எடுத்து உதறினார். துணி சூடாக இருந்தது. அப்படியே போட்டுக்கொண்டு கிளம்பினார்.